லினக்ஸ் கர்னலின் பஃபர் ஹெட் நிரலும் அதன் புதிய ஆவணமும்: ஒரு மதிப்பீடு

வட்டில் தரவு சேமிக்கப்படும் சிறு துண்டுகளான பிளாக்குகளின் நிலையை நினைவகத்தில் வைத்துப் பராமரிக்கும் பஃபர் ஹெட் என்ற பகுதிக்கு, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் 2024-இல் தனி ஆவணப் பக்கம் ஒன்று அமைந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளாக அந்த நிரலைச் சுத்தம் செய்யும் பணியும் நடந்து வந்தது. ஆவணத்தில் பெரும்பங்கு ஆற்றியவர் கர்னல் நிரலாளர் மேத்யூ வில்காக்ஸ். சுத்தம் செய்த நிரலையும் எழுதிய ஆவணத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதில் பொருளில்லை. ஆகவே இரண்டையும் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு, ஒரு சிறிய கோப்பு முறைமை நிரலைப் பராமரிக்கும் வேலையில் அவற்றை அன்றாடம் பயன்படுத்தியவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கோப்பின் வயதைச் சொல்ல வேண்டும். ஒரு பிளாக்கின் உள்ளடக்கத்தை நினைவகத்தில் வைத்திருக்கும் இடமே பஃபர். அந்தப் பஃபர் நிரல் அடங்கிய கோப்பின் தலைப்பில் லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரோடு 1991, 1992, 2002 ஆகிய ஆண்டுகள் இருக்கின்றன. அதற்குக் கீழே, இனி இது முதன்மையான கேச் (தற்காலிகச் சேமிப்பு) அல்ல என்பதால் தேவையற்ற நிரலை நீக்கி எளிமைப்படுத்தியதாக ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1996 டிசம்பரில் எழுதிவைத்த குறிப்பு இன்றும் இருக்கிறது. சுத்தம் செய்யும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் பிளாக்கைப் படித்துத் தரும் பி-ரீட், பயன்படுத்தி முடித்த பஃபரை விடுவிக்கும் பி-ரிலீஸ், பிளாக்குக்குரிய பஃபரைத் தரும் கெட்-பிளாக் என்ற பெயர்கள் லினக்ஸைவிடப் பழையவை. 1975-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பிலேயே இதே பெயர்களில், ஏறத்தாழ இதே வேலையைச் செய்யும் செயற்கூறுகள் இருந்தன. பெயர்கள் அரை நூற்றாண்டாக மாறாமல் வந்தபோதிலும் அவற்றின் விதிகள் மாறிக்கொண்டே வந்தன. அந்த விதிகளோ பெரும்பாலும் வாய்வழியாகவும், மற்றவர் நிரலைப் பார்த்து எழுதும் பழக்கத்தாலுமே அடுத்த தலைமுறையை அடைந்தன. நான் கற்றதும் அப்படித்தான்: எக்ஸ்ட்2 என்ற கோப்பு முறைமையின் நிரலைத் திறந்து, பி-ரீட் அழைக்கப்படும் இடத்தையும் அதற்கு ஈடான பி-ரிலீஸ் வரும் இடத்தையும் பென்சிலால் கோடிட்டு இணைத்துப் படித்தேன்.

சுத்தம் செய்த பகுதியில் எனக்கு மிகவும் நிறைவளித்தது, கர்னலின் 6.1 பதிப்பில் எல்எல்-ஆர்டபிள்யூ-பிளாக் என்ற பழைய செயற்கூறு நீக்கப்பட்டதுதான். ஒரு பஃபரைப் படிக்கச் சொல்லி அதை அழைத்தால், அந்த நேரத்தில் வேறொருவர் அந்தப் பஃபரைப் பூட்டி வைத்திருக்கும் பட்சத்தில், அது எதுவும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். அழைத்தவர் பூட்டு விலகும்வரை காத்திருப்பார். பிறகு உள்ளடக்கம் வந்து சேர்ந்ததைக் காட்டும் குறி இருக்கிறதா என்று பார்ப்பார். குறி இல்லாததைக் கண்டு, வட்டில் படிப்புப் பிழை ஏற்பட்டுவிட்டது என்று முடிவு செய்வார். உண்மையில் வட்டிடம் யாரும் எதையும் கேட்கவே இல்லை. நல்ல நிலையில் இருக்கும் வட்டைப் பழுதானது என்று அறிவிக்கும் இந்தக் குறையைச் சரிசெய்ய ஒரு நிபந்தனை வரியைச் சேர்த்தால் போதாது. அந்தச் செயற்கூறு தரும் வாக்குறுதியே தெளிவற்றதாக இருந்தது. அதன் இடத்தில் வந்த பிஎச்-ரீட், உள்ளடக்கம் ஏற்கெனவே இருந்தது, இப்போது படிக்கப்பட்டது, படிக்க முடியவில்லை என்ற மூன்று நிலைகளையும் தனித்தனி விடைகளாகத் திருப்பித் தருகிறது. அழைப்பவர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

6.6 பதிப்பில், பஃபர் ஹெட் இல்லாமலேயே கர்னலைக் கட்டமைக்க ஒரு தெரிவு சேர்க்கப்பட்டது. 6.7-இல், நினைவகம் எப்படி ஒதுக்கப்பட வேண்டும் என்பதை அழைப்பவரே சொல்லக்கூடிய பி-டெவ்-கெட்-பிளாக் வந்தது. இரண்டும் பயனுள்ளவை, அவற்றைப் பற்றி அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆவணத்துக்கு வருவோம். பி-ரிலீஸ் என்ற செயற்கூறு இரண்டு மூன்று வரிகளே கொண்டது. பஃபரை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை, அதாவது ரெஃபரன்ஸ் கவுன்ட்டை, ஒன்று குறைப்பதுதான் அதன் வேலை. இதற்கென்ன ஆவணம் என்று தோன்றலாம். ஆனால் புதிய குறிப்புரையைப் படித்தால், நிரலை எத்தனை முறை பார்த்தாலும் தெரியவராத செய்திகள் அதில் இருக்கின்றன. எந்தப் பஃபரையும் குறிக்காத வெற்றுச் சுட்டியைக் கொடுத்தால் அது ஒன்றும் செய்யாது என்பது முதல் செய்தி. எந்தச் சூழலிலிருந்தும் அழைக்கலாம், வன்பொருள் குறுக்கிடும் இன்டரப்ட் நேரம் என்றாலும் தடையில்லை என்பது இரண்டாவது. எண்ணிக்கை பூச்சியமானவுடன் பஃபர் அழிந்துவிடுவதில்லை என்பது மூன்றாவது: ஒரு ஃபோலியோவில் (சேர்த்துக் கையாளப்படும் நினைவகப் பக்கங்களின் தொகுதி) உள்ள எல்லாப் பஃபர்களும் யாராலும் பிடிக்கப்படாமலும், எழுத வேண்டிய மாற்றம் இல்லாமலும், பூட்டப்படாமலும் இருந்து, அந்த ஃபோலியோவும் பூட்டப்படாமலும் வட்டுக்கு எழுதப்பட்டுக்கொண்டிராமலும் இருந்தால் மட்டுமே அவை கழற்றப்படலாம். கழற்றப்பட்ட பிறகும் ஃபோலியோ விடுவிக்கப்படாமல் போய், பஃபர்கள் மறுபடி இணைக்கப்படுவதும் அரிதாக உண்டு என்று அது கூடுதலாகச் சொல்கிறது. இந்தக் கடைசிச் செய்தியை அறியாமல் எழுதப்பட்ட நிரல் பல மாதங்கள் ஒழுங்காக ஓடிவிட்டு ஒரு நாள் விழும்.

பி-ரிலீஸுக்குப் பதில் பி-ஃபர்கெட்டை எப்போது அழைக்க வேண்டும் என்பதும் இப்போது ஒரே வாக்கியத்தில் தெளிவாகிவிட்டது: பஃபரில் செய்த மாற்றம் இனி வட்டுக்குப் போக வேண்டியதில்லை என்றால் பி-ஃபர்கெட். நீக்கப்பட்ட கோப்பின் தரவு இருந்த இடங்களைப் பட்டியலிடும் மறைமுக பிளாக்குகளை விடுவிக்கும்போது இந்த வேறுபாடு முக்கியமானது. முன்பு இதை நான் விளக்க வேண்டியிருந்த ஒவ்வொரு முறையும் நிரலைக் காட்டித்தான் விளக்கினேன்.

மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதுவது, ஒரு ஃபோலியோவை டர்ட்டி (வட்டுக்கு இன்னும் எழுதப்படாத மாற்றம் உள்ளது) என்று குறிக்கும் பிளாக்-டர்ட்டி-ஃபோலியோவின் குறிப்புரை. முதலில் பஃபர்களை டர்ட்டி ஆக்க வேண்டும், அதன் பிறகே ஃபோலியோவை ஆக்க வேண்டும் என்ற வரிசையைச் சொல்வதோடு அது நிற்கவில்லை. வரிசையை மாற்றினால் நேரும் விபத்தையும் படிப்படியாகச் சொல்கிறது. ஃபோலியோவை முதலில் குறித்துவிட்டால், பஃபர்களைக் குறிப்பதற்குள் பின்னணியில் வட்டுக்கு எழுதும் வேலை அங்கே வந்து, ஃபோலியோவின் குறியை நீக்கி, உள்ளே எல்லாப் பஃபர்களும் சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். அதன் பிறகு பஃபர்கள் டர்ட்டி ஆகும். ஃபோலியோ சுத்தம் என்றே பதிவாகியிருக்கும். சரியான வரிசையிலும் ஒரு சிறிய இடைவெளி இருக்கிறது, ஆனால் அதனால் தீங்கில்லை என்பதையும் அதே குறிப்புரை ஒப்புக்கொள்கிறது. தீங்கில்லாத இடைவெளியை மறைக்காமல் எழுதிவைப்பது, பின்னால் வருபவர் அதை ஒரு பிழை என்று எண்ணித் திருத்தப் போய்ப் பெரிய பிழையை உண்டாக்காமல் காக்கும். இந்தக் கருத்துகளில் பல முன்பும் நிரலுக்கிடையே சிதறிக் கிடந்தவைதான். அவற்றை ஒழுங்குபடுத்தி, எந்தச் சூழலில் அழைக்கலாம், எதைப் பிடித்துக்கொண்டு அழைக்க வேண்டும், என்ன விடை வரும் என்ற வரிகளைச் சேர்த்ததில்தான் உழைப்பு தெரிகிறது.

குறிப்புரை எழுதப்பட்டும் பயன்படாமல் கிடந்த இடமும் ஒன்று உண்டு. பி-ரீட் குடும்பத்துக்கு ஏற்கெனவே இருந்த விளக்கத்தில் வரிகளுக்கு முன் விடப்பட்டிருந்த கூடுதல் இடைவெளி, குறிப்புரைகளிலிருந்து பக்கங்களை உருவாக்கும் கருவியைக் குழப்பியிருக்கிறது. அந்த இடைவெளியை நீக்கியதோடு, வேலை முடிந்ததும் பி-ரிலீஸை அழைக்க வேண்டும் என்ற அறிவுரையையும் சேர்த்தார்கள். புதிதாக வருபவர் முதலில் தேடும் அறிவுரை அது.

இனி குறைகளைச் சொல்கிறேன். என் பார்வையில் பெரிய குறை, பி-ரிலீஸை ஒருமுறைக்கு இருமுறை அழைத்துவிட்டால் என்ன நேரும் என்பது அந்தப் பக்கத்தில் இல்லாதது. எங்கள் குழுவில் இதற்கு மூன்று நாட்கள் போயின. ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட பஃபரை மறுபடி விடுவிக்க முயல்கிறார்கள் என்ற எச்சரிக்கை சோதனைக் கருவியின் பதிவில் வந்தது. எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்று காட்டும் அழைப்புத் தடமும் அதோடு வந்தது. அது எங்கள் நிரலைக் காட்டவில்லை. இயங்குதளம் இருக்கும் வேர்ப் பகிர்வில் இயங்கிய எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைக் காட்டியது. நாங்களும் எக்ஸ்ட்4 பக்கமே தேடினோம். காரணம் வேறிடத்தில் இருந்தது. அண்மையில் தேடப்பட்ட பஃபர்களை விரைவாக எடுக்க, ஒவ்வொரு சிபியூவும் 16 இடங்கள் கொண்ட ஒரு சிறு பட்டியலை வைத்திருக்கிறது. பட்டியலில் இருக்கும் பஃபரின் மேல் அந்தப் பட்டியலுக்கும் ஒரு ரெஃபரன்ஸ் உண்டு. ஆகவே பி-ரீட் வழியாக நம் கைக்கு வரும் பஃபரின் எண்ணிக்கை பெரும்பாலும் குறைந்தது இரண்டாக இருக்கும். எங்கள் நிரலில், தரவு சிதைந்ததா என்று சரிபார்க்கும் செக்சம் பொருந்தாதபோது செல்லும் பிழை வழியில் பி-ரிலீஸ் இருமுறை அழைக்கப்பட்டது. இரண்டாவது அழைப்பு எச்சரிக்கை எதையும் எழுப்பாமல் பட்டியலுக்குரிய ரெஃபரன்ஸை எடுத்துக்கொண்டது. பிறகு அதே சிபியூவில் எக்ஸ்ட்4 வேறு பஃபர்களைத் தேடி, பட்டியல் நிறைந்து, நம் பஃபர் வெளியே தள்ளப்பட்ட நொடியில்தான் எச்சரிக்கை வந்தது. குற்றம் செய்தது ஒருவர், பிடிபட்டது வேறொருவர். அதற்குள் அந்தப் பஃபரின் நினைவகம் விடுவிக்கப்பட்டிருந்தால் எச்சரிக்கைகூட வராமல் கர்னல் விழுந்திருக்கும்.

எச்சரிக்கை காட்டும் தடம் உண்மையான இடமாக இல்லாமல் இருக்கலாம், அந்த பஃபரை அதற்கு முன் பயன்படுத்தியவர்களையும் பாருங்கள் என்று இரண்டு வாக்கியங்கள் இருந்திருந்தால் அந்த மூன்று நாட்கள் மிஞ்சியிருக்கும். ஒரு ஆவணம் சரியான பயன்பாட்டை மட்டும் சொன்னால் போதாது. தவறான பயன்பாடு வெளியில் எப்படித் தோன்றும் என்பதையும் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த குறை, நிலைக் குறிகள். அப்டுடேட், டர்ட்டி, லாக், மேப்டு, நியூ, டிலே, அன்ரிட்டன் என்று பதினைந்துக்கும் மேற்பட்ட குறிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு மட்டுமே உண்டு. வட்டில் இடம் இன்னும் ஒதுக்கப்படாத டிலே நிலைக்கும், இடம் ஒதுக்கப்பட்டும் எழுதப்படாத அன்ரிட்டன் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு வரியிலிருந்து புரிந்துகொள்வது கடினம். எந்தக் குறி எந்தக் குறியோடு சேர்ந்து வரலாம், எது எப்போது நீக்கப்படும் என்பதற்கு இன்னமும் நிரலைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. மாற்றங்களை முன்கூட்டியே பதிவுசெய்யும் எக்ஸ்ட்4-இன் ஜர்னல் அடுக்கான ஜேபிடி2 இதே பஃபர்களின் மேல் தன் சொந்தக் கணக்கையும் ஏற்றிவைக்கிறது என்ற செய்தியும் இந்தப் பக்கத்தில் இல்லை.

எம்ஐடியில் பாடம் நடத்த உருவாக்கப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறிய இயங்குதளத்தின் பஃபர் கோப்பை இதனோடு வைத்துப் பார்ப்பது பயன்தரும். அதன் தலைப்பில் உள்ள குறிப்புரை ஒரு திரையில் அடங்கிவிடும்: பிளாக் வேண்டுமானால் பி-ரீட், மாற்றினால் பி-ரைட், முடிந்ததும் பி-ரிலீஸ், அதன் பிறகு அந்தப் பஃபரைத் தொடாதீர்கள், ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸ்தான் பயன்படுத்த முடியும் என்பதால் தேவைக்குமேல் வைத்துக்கொள்ளாதீர்கள். மாணவர் ஒருவர் இதைப் படித்துவிட்டு அன்றே வேலையைத் தொடங்கிவிடலாம். லினக்ஸின் விதிகளை இவ்வளவு சுருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் தனித்தனிச் செயற்கூறுகளின் விளக்கங்களுக்கு முன்னால், ஒரு பஃபர் பிறந்து, நிரம்பி, மாறி, எழுதப்பட்டு, விடுபடும் வரையான பயணத்தைச் சொல்லும் ஒரு பக்கம் கண்டிப்பாகத் தேவை. இப்போது அந்த இடத்தில் இருப்பது மிகச் சிறிய முன்னுரை. பஃபர் ஹெட் கைவிடப்படும் நிலையில் உள்ளது, புதிய கோப்பு முறைமைகள் அதற்கு மாற்றான ஐஓமேப் என்ற கர்னல் பகுதியைப் பயன்படுத்த வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது.

அந்த அறிவுரையோடு எனக்கு முரண்பாடு இல்லை. 64 பிட் கணினியில் ஒரு பஃபர் ஹெட் 104 பைட் இடத்தை எடுக்கிறது. 4096 பைட் பக்கத்தை 512 பைட் பிளாக்குகளாகப் பிரித்தால் எட்டு பஃபர் ஹெட்டுகளுக்கு 832 பைட் தேவை, அதாவது தரவின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு கணக்கெழுதவே போய்விடும். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை ஐஓமேப்புக்கு மாறியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளில் ஓடும் எக்ஸ்ட்4 இன்றும் பஃபர் ஹெட்டின் மேல்தான் நிற்கிறது. கைவிடப்படும் நிரலுக்கு ஆவணம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கைவிடப்படும் நிரலைத்தான் அதை எழுதாதவர்கள் பராமரிக்க வேண்டியிருக்கிறது. ஐஓமேப்புக்கு மாற்றுபவரும், மாற்றப்படும் நிரல் இதுவரை எந்த வாக்குறுதிகளை நம்பி ஓடியது என்று தெரிந்தாக வேண்டும்.

புதிதாகக் கோப்பு முறைமை எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு நேரே ஐஓமேப்பின் ஆவணத்துக்குப் போகலாம். பழைய நிரலை அதற்கு மாற்றும் வழிமுறையும் அங்கே உண்டு. ஏற்கெனவே இருக்கும் நிரலைப் பராமரிப்பவர்கள் பி-ரிலீஸ், பி-ஃபர்கெட், பி-டெவ்-கெட்-பிளாக், பிளாக்-டர்ட்டி-ஃபோலியோ ஆகிய நான்கின் குறிப்புரைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, தங்கள் நிரலின் ஒவ்வொரு பிழை வழியையும் ஒருமுறை சரிபார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் அப்படிச் செய்தபோது, இருமுறை விடுவித்த அந்த இடத்துக்கு நாற்பது வரிகள் தள்ளி, ஒருமுறைகூட விடுவிக்காத இன்னொரு பிழை வழியும் அகப்பட்டது.