ஸ்டீல்ஹெட் ஆசையில் 450 டாலர் போச்சு

நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தோம். இன்னும் வயிறு எரிகிறது.

மிச்சிகனின் பியர் மார்க்கெட் ஆற்றில் மார்ச் கடைசியில் ஸ்டீல்ஹெட் ஏறும். ஏரியில் கொழுத்து வளர்ந்த ரெயின்போ டிரவுட் மீன், முட்டையிட ஆற்றுக்குள் வரும் காலம். நானும் மச்சானும் நாலு வருடமாகப் பேசிக்கொண்டே இருந்த பயணம் இது. பழைய சோபா, சைக்கிள் விற்கும் ஒரு தளத்தில் விளம்பரம் பார்த்தேன்: படகு, வழிகாட்டி, ஃபிளை ராட் என்கிற தூண்டில் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 450 டாலர்.

எங்கே விழுந்தேன் தெரியுமா? போனில் அந்த ஆள், சரளைக்கல்லில் முட்டையிடும் மீனைத் தொடவே மாட்டேன், அதற்குக் கீழ்ப்பக்கம் ஆழத்தில் நிற்கும் மீனுக்குத்தான் முட்டை மாதிரி கட்டிய ஃபிளையை, அதாவது செயற்கை இரையை, விடுவேன் என்றான். இவ்வளவு மனசாட்சி உள்ளவன் நம்மையா ஏமாற்றப்போகிறான்? சனிக்கிழமைக்கு இன்னொருவரும் கேட்கிறார் என்றதும் முழு 450 டாலரையும் செயலியில் அனுப்பிவிட்டேன். கையில் மீனோடு ஒரு போட்டோ வந்தது. பின்னால் பனிமலை. மிச்சிகனில் ஏதுங்க பனிமலை? மச்சானுக்கே அது உறைத்தது திரும்பி வரும்போதுதான்.

ராத்திரி 2 மணிக்குக் கிளம்பி, 6 மணிக்கு பால்ட்வின் ஊர்ப் பக்கம் எம்-37 நெடுஞ்சாலைப் பாலத்தடியில் நின்றோம். விரல் மரத்துப்போகும் குளிர். 7:20க்கு மெசேஜ்: பனி உருகி ஆறு கலங்கிவிட்டது, இன்று ரத்து. நான் நின்ற இடத்தில் தண்ணீருக்கடியில் கூழாங்கல்லை எண்ணலாம்! போட்டோ எடுத்து அனுப்பினேன். வானிலையால் ரத்தானால் பணம் திரும்பாது, ஜூனில் வரலாம் என்றான். ஜூனில் ஸ்டீல்ஹெட் ஏரிக்கே போயிருக்கும். அப்புறம் பார்ட்னரிடம் பேசச் சொன்னான். பார்ட்னர் எண் அடித்துக்கொண்டே இருந்தது. மதியம் என்னை பிளாக் செய்துவிட்டான். வங்கியில் கேட்டால், நீங்களாக அனுப்பிய பணம் சார் என்கிறார்கள். தளத்திலிருந்து, கருத்துக்கு நன்றி என்று ஒரு தானியங்கிப் பதில். 450 டாலருக்கு நன்றியாம்.

பக்கத்தில் படகு இறக்கிக்கொண்டிருந்த பெரியவர்தான் சொன்னார்: இந்த ஆற்றில் காசு வாங்கி வழிகாட்ட மத்திய வனத்துறையின் அனுமதி வேண்டும், அது சிலருக்குத்தான் உண்டு, இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. பாவம், எங்களுக்குத் தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

விவரமாக யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. அனுமதி உண்டா என்று வனத்துறை அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். முன்பணம் கிரெடிட் கார்டில் மட்டும். இதே ஆற்றில் ஸ்காட்வில் ஊரில் அரசு நீர்மட்டக் கருவி இருக்கிறது, ஆறு ஏறியிருக்கிறதா என்று ஆன்லைனிலேயே தெரியும்.

இப்போதுதான் பார்த்தேன், அதே விளம்பரம் ஏப்ரலுக்கு மறுபடி வந்திருக்கிறது. அதே பனிமலை. விலை 425.