புதிய கணினிக்கு மின்னஞ்சலை மாற்றுவது: எந்த வழியில் எது விட்டுப்போகும்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அக்கா திருமண அழைப்பிதழ் அச்சடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். பெயர்ப் பட்டியல், திருத்தம், இறுதி வடிவம் எல்லாம் அவருக்கு மின்னஞ்சலில்தான் வரும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பழைய கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை என்பதால் புதியது வாங்கினார். வாங்கிய கடையில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகச் சொல்லிக் கணினியைக் கையில் கொடுத்தார்கள். இரண்டு நாளில் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, 2014-ல அடிச்ச கார்டு மாதிரியே வேணும்னு ஒரு குடும்பம் வந்திருக்குடா. பழைய மெயில் ஒண்ணுகூட இல்லை."

கணினிக் கடைக்காரர் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் ஆகிய மூன்று கோப்புறைகளை மட்டும் நகலெடுத்திருந்தார். அக்கா பயன்படுத்துவது தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரல். அதன் அஞ்சல்கள் ஆப்டேட்டா என்ற கோப்புறைக்குள் இருக்கும். விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும். நல்லவேளை, பழைய கணினி இன்னும் கைவசம் இருந்தது.

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன், உங்கள் மின்னஞ்சல் கணக்கு ஐமேப் (IMAP) வகையா, பாப் (POP) வகையா என்று பாருங்கள். தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புகளுக்குள் 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தின் மேலேயே அது எழுதியிருக்கும். ஐமேப் என்றால் அஞ்சல்கள் சர்வரில், அதாவது அஞ்சல் சேவை தருபவரின் கணினியில் இருக்கின்றன, கணினியில் இருப்பது அவற்றின் பிரதி. பாப் என்றால் அஞ்சல் கணினிக்கு இறங்கிவிடும். அமைப்பைப் பொறுத்து சர்வரிலிருந்து அழிந்தும் போயிருக்கலாம். அக்காவின் கடைக் கணக்கு பாப். அந்தக் காலத்தில் கிடைத்த சின்ன அஞ்சல்பெட்டி நிரம்பாமல் இருக்க அப்படி வைத்திருந்தார்கள்.

கணக்கைப் புதிதாகச் சேர்ப்பது

ஜிமெயில் ஒன்று மட்டும், அதுவும் ஐமேப்பில் என்றால் இதுவே போதும். முகவரியைக் கொடுத்தால் கூகுளின் உள்நுழைவுத் திரை வரும், அனுமதி கொடுத்தால் அஞ்சல்கள் தாமாக இறங்கத் தொடங்கும். ஆனால் அஞ்சல்களைத் தவிர மற்றது வராது. நீங்கள் போட்டுவைத்த வடிகட்டி விதிகள், கையொப்பம், கணினியிலேயே சேமித்த முகவரிப் புத்தகம், கணினியில் மட்டும் இருக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' எல்லாம் பழைய கணினியிலேயே தங்கிவிடும். சொந்த டொமைன் (கடைப் பெயரிலேயே இணைய முகவரி) வைத்திருப்பவர்களுக்குக் கடவுச்சொல்லும் சர்வர் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் யாரோ அமைத்துக் கொடுத்த கணக்கென்றால் அது பெரும்பாடு.

புரொஃபைல் கோப்புறையை அப்படியே நகலெடுப்பது

தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். கணக்குகள், கடவுச்சொற்கள், விதிகள், முகவரிகள், அஞ்சல்கள் எல்லாம் ஒரே கோப்புறையில் இருக்கின்றன. எந்த பாப் அஞ்சல் ஏற்கெனவே இறங்கியது என்ற குறிப்பும் அதில் உண்டு. அது வராவிட்டால், சர்வரில் மிச்சமிருக்கும் அஞ்சல்கள் மறுபடி இறங்கி எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்.

செய்முறை எளிது. தண்டர்பேர்டை மூடுங்கள், திறந்திருக்கும்போது நகலெடுத்தால் கோப்புகள் பாதியில் நிற்கும். ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதியில் உள்ள தண்டர்பேர்ட் கோப்புறையை முழுவதுமாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள். புதிய கணினியில் தண்டர்பேர்டை நிறுவி, திறப்பதற்கு முன்பே அதே இடத்தில் வையுங்கள்.

மூன்று இடத்தில் இடறும். புதிய கணினியில் உள்ள பதிப்பு பழையதற்குச் சமமாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். பழைய பதிப்பு என்றால் அந்தப் புரொஃபைலைத் திறக்க மறுக்கும். அடுத்து, தண்டர்பேர்டின் 32 பிட் வடிவிலிருந்து 64 பிட் வடிவுக்கு மாறும்போது நிரல் நிறுவப்படும் இடம் மாறுவதால், வெற்றுத் திரையோடு புதிய புரொஃபைல் திறக்கலாம். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது, அக்கா முகம் வெளுத்துவிட்டது. உதவி மெனுவின் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' வழியாகப் புரொஃபைல்கள் பக்கத்துக்குப் போய்ப் பழையதை இயல்பானதாக (டிஃபால்ட்) அமைத்து, தண்டர்பேர்டை மூடித் திறந்தால் சரி. மூன்றாவது, அஞ்சல் கோப்புறையை யாராவது டி டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தால் அது இந்த நகலில் வராது. முதலிலேயே 'சர்வர் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'லோக்கல் டைரக்டரி' வரியைப் பார்த்துவிடுங்கள்.

தண்டர்பேர்டின் ஏற்றுமதி வசதி

டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. புரொஃபைலை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டித் தரும், இன்னொரு கணினியில் அதை இறக்குமதி செய்யலாம். கோப்புறை தேடத் தயங்குபவர்களுக்கு நல்லது. ஆனால் 2 ஜிபி வரைதான். படங்களும் பிடிஎஃப்களும் நிறைந்த அக்காவின் அஞ்சல் 6 ஜிபியைத் தாண்டியிருந்தது, அதனால் எங்களுக்கு உதவவில்லை.

அவுட்லுக் என்றால்

மச்சான் அலுவலகத்தில் மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் நிரலான அவுட்லுக், அதுவும் பழைய 'கிளாசிக்' வடிவம். இங்கே எல்லாவற்றையும் ஒரே நகலில் கொண்டுபோக முடியாது. அஞ்சல், நாட்காட்டி, தொடர்புகள் பிஎஸ்டி (.pst) என்ற அவுட்லுக் கோப்பில் போகும். கணக்கு அமைப்புகள் அதில் கிடையாது, கடவுச்சொற்கள் அந்த விண்டோஸ் பயனரோடு பிணைந்தவை. இரண்டையும் புதிதாகத்தான் கொடுக்க வேண்டும். கையொப்பங்கள் ஆப்டேட்டாவில் தனிக் கோப்புறையில் கிடக்கும், அதைத் தனியாக எடுங்கள். ஐமேப் கணக்கின் அஞ்சல்கள் ஓஎஸ்டி (.ost) என்ற இன்னொரு வகைக் கோப்பில் இருக்கும். அதை வேறு கணினியில் திறக்க முடியாது. 'இந்தக் கணினியில் மட்டும்' என்று குறித்த தொடர்புகள் அதற்குள் இருந்தால், பழைய கணினியிலேயே பிஎஸ்டியாக ஏற்றுமதி செய்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு எண்களை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மெயில்ஸ்டோர் ஹோம் (தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம்) போன்ற காப்பக நிரல்கள் அஞ்சல்களை மட்டும் சேமிக்கும், அமைப்புகளைத் தொடாது. இரண்டாவது பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளலாம். இடமாற்றத்துக்கு அது வழியல்ல.

பாப் கணக்கு வைத்திருப்பவர்கள் மாற்றிய அன்றே பழைய கணினியின் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் பாதி அஞ்சல் அங்கே இறங்கும், பாதி இங்கே. அதற்காகப் பழையதை உடனே அழிக்கவும் வேண்டாம். மலேசியாவில் வணிகப் பதிவுகளை வருமான வரிக்காக 7 வருடம் வைத்திருக்க வேண்டும். பில்லும் ரசீதும் அஞ்சலில்தானே இருக்கின்றன! ஒவ்வொரு வருடத்திலிருந்தும் ஒரு அஞ்சலைத் திறந்து, இணைப்பும் திறக்கிறதா என்று பார்த்த பிறகே பழைய கணினியை விற்கலாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

நகல் வைத்த ஹார்ட் டிஸ்க்கையும் கவனியுங்கள். முதன்மைக் கடவுச்சொல் (சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் ஒரே கடவுச்சொல்) போடாத தண்டர்பேர்ட் புரொஃபைல் யார் கையில் கிடைத்தாலும், உள்ளே சேமித்த கடவுச்சொற்களை அவர் அப்படியே படிக்கலாம். அக்கா இப்போது முதன்மைக் கடவுச்சொல் போட்டிருக்கிறார், டிஸ்க் கடையின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.