வணிக வழக்குக்கு பாரிஸ்டரை நேரே அமர்த்துவதா, சொலிசிட்டர் வழியே போவதா?

இங்கிலாந்தில் கடையோ மொத்த வியாபாரமோ நடத்தும் நம்மவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. அங்கே வக்கீல்கள் இரண்டு வகை: வழக்கின் தாள்களையும் நடவடிக்கைகளையும் கவனிப்பவர் சொலிசிட்டர், நீதிமன்றத்தில் வாதாடுபவரும் சட்டக் கருத்துரை எழுதுபவரும் பாரிஸ்டர்; வழக்கமாகச் சொலிசிட்டர்தான் நமக்காக பாரிஸ்டரை அமர்த்துவார். சொலிசிட்டர் வெறும் இடைத்தரகர், அவரை விட்டுவிட்டு நேரே பாரிஸ்டரிடம் போனால் செலவு பாதியாகக் குறையும் என்பார்கள். 2004 முதல் பொதுமக்கள் பாரிஸ்டரை நேரடியாக அமர்த்திக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. இரண்டு வழிகளையும் விசாரித்துவிட்டு நான் சொலிசிட்டர் வழியே போனேன். நாளைக்கு இன்னொரு தகராறு வந்தாலும் அப்படியே செய்வேன்.

குளிர்பதனக் கிடங்கில் வைத்திருந்த மீனும் இறாலும் கெட்டுப்போனதால் வந்த வழக்கு எங்களுடையது. கிடங்குக்காரர் கைவிரித்துவிட்டார். நாங்கள் கேட்டது 60,000 பவுண்டு. நீதிமன்றக் கட்டணம் அதில் ஐந்து சதவீதம், அதாவது 3,000 பவுண்டு. எந்த வழியில் போனாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

கட்டண முறையில் உள்ள வேறுபாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாரிஸ்டரின் கிளார்க் இந்த வேலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தொகை சொல்லிவிடுவார். சொலிசிட்டர் மணிக்கு இவ்வளவு என்ற கணக்கில் பில் போடுவார். இந்த அளவு வழக்குக்கு கே.சி. (கிங்ஸ் கவுன்சல்) என்ற மூத்த பாரிஸ்டர் பட்டம் பெற்றவரைத் தேடி அலையத் தேவையில்லை, அந்தப் பட்டம் இல்லாத, ஜூனியர் என்று அழைக்கப்படும் அனுபவமுள்ள பாரிஸ்டர் போதும்.

முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: வழக்குக் கட்டு யார் கையில் இருக்கும்? பாரிஸ்டர்களை ஒழுங்குபடுத்தும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டிடம் தனியாக அனுமதி வாங்கியிராத பாரிஸ்டர், நமக்காக மனுவைத் தாக்கல் செய்யவோ எதிர்த்தரப்புக்குச் சார்பு செய்யவோ (முறைப்படி சேர்ப்பிக்கவோ) முடியாது. பெரும்பாலோரிடம் அந்த அனுமதி இல்லை. ஆலோசனை சொல்வார், மனுவை எழுதித் தருவார், நீதிமன்றத்தில் வாதாடுவார். தாக்கல், கெடு, ஆவணப் பரிமாற்றம் எல்லாம் நம் தலையில். நீதிமன்றத்தின் கண்ணில் நாம் தனக்குத்தானே வழக்கு நடத்துபவர்.

அதன் ஆபத்தை 2018இல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் தீர்த்த பார்ட்டன் வழக்கு காட்டுகிறது. தானே வழக்கு நடத்திய ஒருவர், காலக்கெடு முடியும் தறுவாயில் மனுவை எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். மின்னஞ்சலில் பெற்றுக்கொள்ளச் சம்மதம் என்று அவர்கள் முன்கூட்டி எழுதித் தரவில்லை. சார்பு செல்லாது, வக்கீல் வைக்காதவருக்கும் விதி ஒன்றுதான் என்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பானது. வழக்கில் நியாயம் உண்டா இல்லையா என்ற கேள்விக்குப் போகாமலே அவருடைய கோரிக்கை முடிந்துபோனது.

எங்கள் வழக்கிலும் அதே கட்டம் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல்கள் எல்லாக் கடிதங்களையும் மின்னஞ்சலில்தான் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நானாக இருந்தால் மனுவையும் பதிலோடு இணைத்து அனுப்பியிருப்பேன். சொலிசிட்டர் அலுவலகத்தில் இருந்த பெண், மின்னஞ்சலில் ஏற்பீர்களா என்று கேட்டு முதலில் ஒரு வரி எழுதினார். ஏற்க மாட்டோம் என்று பதில் வந்தது. அன்று மாலையே முதல் வகுப்புத் தபாலில் மனு போனது. மணி கணக்கில் பார்த்தால் அற்ப வேலை, ஆனால் வழக்கு பிழைத்தது அதில்தான்.

ஆவணங்களிலும் அப்படியே. வெப்பநிலைப் பதிவுகளோடு நான் நின்றிருப்பேன். சொலிசிட்டர், குளிர்சாதனம் பழுதுபார்க்கும் ஒப்பந்தக்காரரின் வேலைச் சீட்டுகளையும் கேட்டார். கார்பன் நகலில் மங்கலாக இருந்த ஒரு சீட்டில், கதவு ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது. சரக்கு கெடுவதற்குச் சில வாரம் முந்தைய தேதி. இழப்பீட்டுக்கு டன்னுக்கு இவ்வளவுதான் என்று கிடங்கின் ஒப்பந்தம் வரம்பு கட்டியிருந்தது. அந்த வரம்பு 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டத்தின்படி நியாயமானதா என்பது பாரிஸ்டருக்கே உரிய கேள்வி. அவர் எழுதிய கருத்துரை அந்தச் சீட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டதால் கூர்மையாக இருந்தது.

சொலிசிட்டர் வழிக்கு ஒரு பெரிய குறை உண்டு. 2023 அக்டோபர் முதல், 25,000 முதல் 1,00,000 பவுண்டு வரையான பெரும்பாலான வழக்குகளில், தோற்றவர் தர வேண்டிய வக்கீல் செலவு அட்டவணைப்படி நிர்ணயிக்கப்படுகிறது. அதற்கு மேல் சொலிசிட்டருக்குக் கொடுப்பது நம் கைப்பணம், ஜெயித்தாலும் திரும்பாது.

10,000 பவுண்டுக்கு உட்பட்ட சிறு வழக்கென்றால் என் தேர்வு மாறும். அங்கே வக்கீல் கட்டணம் பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. ஒரு கருத்துரைக்கு மட்டும் பாரிஸ்டரை நேரே அமர்த்தி, மீதியை நாமே பார்த்துக்கொள்ளலாம். கோப்புகளையும் தேதிகளையும் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் நேரடி வழி பொருந்தும்.

எங்கள் வழக்கு விசாரணைக்கு முன்பே சமரசத்தில் முடிந்தது. ஆகவே சாட்சிக் கூண்டில் குறுக்கு விசாரணை நடக்கும்போது எந்த ஏற்பாடு கைகொடுக்கும் என்று அனுபவத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது. லண்டன் ஃபெட்டர் லேனில் பெரிய வணிக வழக்குகளை விசாரிக்கும் ரோல்ஸ் கட்டடத்துக்குப் போகும், கோடிக்கணக்கான பவுண்டு மதிப்புள்ள வழக்குகளும் வேறு உலகம்.

நேரடி வழிதான் வேண்டும் என்று நினைப்பவர்கள், கட்டணம் பேசுவதற்கு முன்பே கிளார்க்கிடம் ஒன்றைக் கேளுங்கள்: வழக்கை நடத்தும் அனுமதி இந்த பாரிஸ்டருக்கு உண்டா? உண்டு என்றால், நான் மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.