ஒரே மூச்சிலா, ஒவ்வொரு தடமாகவா? திருகோணமலையில் முதல் றொக் அல்பம்

இங்கிலாந்து றொக் குழு பிளாக் சபாத்தின் முதல் அல்பம் 1969 ஒக்டோபரில் லண்டனில், பெரும்பாலும் எல்லாரும் சேர்ந்து வாசித்து, ஒரே நாளில் பதிவானது. அமெரிக்காவின் பொஸ்ரன் குழுவின் முதல் அல்பத்துக்கு (1976), போலரொய்ட் நிறுவனத்தில் வேலைசெய்த அதன் கிற்றார்காரர் டொம் ஷோல்ஸ் வீட்டு நிலவறையில் 12 தட (தனித்தனியாகப் பதியும் 12 ஒலிவரி) இயந்திரத்தில் கிற்றாருக்கு மேல் கிற்றாராக அடுக்கினார். குரலும் இறுதிக் கலவையும் லொஸ் ஏஞ்சலிஸில். திருகோணமலை உப்புவெளியில் வீடெடுத்துப் பதியும் குழுவுக்கு எது தோது?

சேர்ந்து வாசித்தால் 8 சானல் இன்ரபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வேண்டும்: ட்றம்ஸில் கிக் (கால் முரசு), ஸ்னேர் (அடியில் கம்பியுள்ள சின்ன முரசு), அவற்றுக்கு மேலே தொங்கும் மேல்மைக் இரண்டு, பேஸ், கிற்றார் இரண்டு, வழிகாட்டிக் குரல். தலையிடி கசிவுதான், அதாவது ஒன்றின் சத்தம் இன்னொன்றின் மைக்கில் விழுவது. கிற்றார் மேல்மைக்கில் விழுந்துவிட்டால், பிழைச் சுரத்தைப் பிறகு திருத்தினாலும் பழையது பின்னால் முனகும். கிற்றார் அம்பை (ஒலிபெருக்கிப் பெட்டியை) அடுத்த அறையில் வைத்து வாசலில் மெத்தையைச் சாத்துங்கள். பேஸை டிஐ பெட்டிவழி, மைக் இல்லாமல், நேரே இன்ரபேஸுக்கு எடுங்கள். அம்ப் வைத்தால் ஸ்னேரின் அடிக்கம்பி பேஸோடு சேர்ந்து கிரகிரக்கும். மேல்மைக் இரண்டும் ஸ்னேர் நடுவிலிருந்து சம தூரமா என்று நூல் பிடித்து அளவுங்கள். 17 சென்ரிமீற்றர் பிசகினால் ஒரு மைக்குக்குச் சத்தம் அரை மில்லிசெக்கன் பிந்தும். இரண்டையும் மோனோவில் (ஒரே சானலாக) கூட்டும்போது 1,000 ஹேர்ட்ஸ் பக்கம் ஸ்னேர் மெலிந்துவிடும்.

அடுக்கிப் பதிந்தால் கசிவில்லை, ட்றம்ஸ் முடிந்தபின் 2 சானலே காணும். ஆனால் கிளிக் (காதில் தாளம் காட்டும் சத்தம்) இல்லாமல் தொடங்காதீர்கள். ட்றம்மர் பல்லவியில் ஓடினால் பின்னால் வருபவர்கள் நொண்டுவார்கள். நம்மூரில் இன்னொன்று: இரைச்சலென்று ஏசியை நிறுத்தினால், கொஞ்ச நேரத்தில் அறை சூடேறிக் கிற்றார்க் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். சேர்ந்து வாசிப்போர் ஏறக்குறைய ஒன்றாக இறங்குவதால் காதுக்குத் தப்பும். நேற்றைய தடத்தின்மேல் வாசிப்பவர் மாட்டிக்கொள்வார். ஒவ்வொரு முறையும் ரியூனரைப் (சுருதி காட்டும் கருவி) பாருங்கள்.

மாரியில் சீற் கூரையின் கீழ் மழைச் சத்தத்தில் இரண்டு வழியும் வீண். திருவெம்பாவை நாட்களில், கோயில் பாட்டு தொடங்கும் விடியப்புறத்துக்கு முன் முடியுங்கள். கரண்ட் போனால் லப்ரொப் தாங்கும், இன்ரபேஸ் அணையும். சின்ன யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்சநேரம் மின் தரும் பற்றரிப் பெட்டி) கட்டாயம்.

எங்கள் தேர்வு: ட்றம்ஸ், பேஸ், றிதம் கிற்றார் சேர்ந்து, குரலும் சோலோவும் பிறகு. ஒரே நாளில் முடித்த சபாத், பாட்டுகளை மேடைகளில் அடித்துப் பழக்கிவிட்டே உள்ளே போனது. அப்படிப் பழகாத குழு போனால் ஒத்திகைக்குத்தான் ஸ்ரூடியோ வாடகை. கிற்றார்க் கம்பியை முதல்நாளே மாற்றி இழுத்துப் பழக்குங்கள். உப்புக்காற்றில் பழசு சீக்கிரம் மங்கும், புத்தம்புதுசோ சுருதியில் நில்லாது.