பீரோவில் கிடந்த பழைய பிலிம்: பெருந்துறை முதல் கோவை வரை ஒரு ஸ்கேன் அலைச்சல்

ஈரோட்டிலோ கோவையிலோ இன்று ஸ்கேன் எடுக்க யாரும் நாள்கணக்கில் காத்திருப்பதில்லை. காலையில் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால், மதியத்துக்குள் படம் எடுத்து, மாலையில் ரிப்போர்ட்டோடு அவரையே மறுபடி பார்த்துவிடலாம். பல ஆண்டுகளாக இங்கிலாந்தில் குடியிருக்கும் எனக்கு இந்த வேகம் இன்னும் பழகவில்லை. அங்கே அரசு மருத்துவச் சேவையில் இப்படிப்பட்ட பரிசோதனைக்கு நோயாளி ஆறு வாரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்பதே இலக்கு, அதுவும் பல ஊர்களில் எட்டாத இலக்கு. ஆனால் சென்ற தை மாதம் பொங்கலுக்கு ஊருக்குப் போய், என் தாய்மாமனை அழைத்துக்கொண்டு ஸ்கேன் சென்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அலைந்தபோது தெரிந்துகொண்டது வேறு. எங்கள் சீமையில் படத்துக்குப் பஞ்சமில்லை. போன முறை எடுத்த படத்தைக் கண்டுபிடித்து, இந்த முறை எடுத்த படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குத்தான் ஆளும் இல்லை, ஏற்பாடும் இல்லை.

மாமாவுக்குப் பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். எழுபதைக் கடந்தவர். ஜின்னிங் ஃபாக்டரியிலும் பிறகு நூற்பாலையிலுமாக வாழ்நாளின் பெரும்பகுதியைப் பஞ்சுத் தூசிக்கு நடுவே கழித்தவர். மார்கழிப் பனியில் தொடங்கிய இருமல் விடவில்லை என்பதால் உள்ளூர் டாக்டர் முதலில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு எக்ஸ்ரேயில் தனித்த அடையாளம் எதுவும் இருப்பதில்லை. வேலை செய்த வரலாற்றைக் கேட்டும் மூச்சை ஊதவைத்து அளந்தும்தான் அதை அறிய முடியும். எக்ஸ்ரேயில் தெரிந்தது அதுவல்ல, வலது பக்கம் மேலே ஒரு சிறு புள்ளி. அதைத் தெளிவாகப் பார்ப்பதற்காகவே சி.டி. ஸ்கேனுக்கு ஈரோடு போனோம்.

அந்தத் தனியார் சென்டரின் சேவையைக் குறை சொல்ல முடியாது. டோக்கன் வரிசைப்படி கூப்பிட்டார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்தது. கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்ற அறிவிப்பு தமிழில், படிக்கக்கூடிய அளவில் இருந்தது. டெக்னீசியன் பெண், "மூச்ச இழுத்துப் புடிச்சுக்குங்க அப்பாரு, பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சுரும்" என்றார், சொன்னபடியே முடிந்தது. 1971 அக்டோபரில் லண்டனின் விம்பிள்டன் பகுதி மருத்துவமனையில், சி.டி.யைக் கண்டுபிடித்த பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தபோது ஒவ்வொரு குறுக்குவெட்டுக்கும் சில நிமிடங்கள் பிடித்தன. இன்று மார்பு முழுவதற்கும் ஒரே மூச்சு போதும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அதில் கையெழுத்திட்டிருந்த கதிரியல் மருத்துவர் ஈரோட்டில் இல்லை, வேறொரு நகரத்திலிருந்து கணினியில் வாசித்தவர். வலது நுரையீரலின் மேல் மடலில் 7 மி.மீ. அளவுள்ள நாடியூல், அதாவது சிறு உருண்டை, இருக்கிறது, முந்தைய படங்கள் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும், தேவைப்பட்டால் பெட் ஸ்கேன் எடுக்கவும் என்பது ரிப்போர்ட்டின் சாரம்.

இந்த "ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்பதில்தான் எங்கள் அலைச்சல் தொடங்கியது. நுரையீரலில் தென்படும் இத்தகைய சிறு உருண்டைகளை என்ன செய்வது என்பதற்கு, மார்புப் படங்களை வாசிக்கும் வல்லுநர்களின் பன்னாட்டு அமைப்பான ஃபிளெய்ஷ்னர் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. அதன்படி 6 முதல் 8 மி.மீ. வரையுள்ள திடமான ஒற்றை நாடியூலுக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மீண்டும் ஒரு சி.டி. எடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திடமான நாடியூல் இரண்டு ஆண்டுகளுக்கு மாறாமல் இருந்தால் அது புற்றுநோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே பழைய படம் ஒன்று கையில் இருந்தால், ஓராண்டுக் காத்திருப்பு கொடுக்கக்கூடிய விடையை அது அன்றைக்கே கொடுத்துவிடும். பெட் ஸ்கேன் இங்கே நினைக்கும் அளவுக்கு உதவாது என்பதற்கும் காரணம் உண்டு. சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடத்தை ஒளிரக் காட்டுவதுதான் அதன் வேலை. காசநோயால் வந்த கட்டியும் அப்படியே ஒளிரும், இவ்வளவு சிறிய புற்றுக்கட்டியோ ஒளிராமலேயே இருந்துவிடக்கூடும். காசநோய் இவ்வளவு பரவலாக உள்ள நாட்டில் ஒளிர்வதையெல்லாம் பார்த்துப் பயந்தால், ஊசி குத்திச் சதை எடுக்கும் வேலை வீணாகப் பெருகும்.

பழைய படம் இருக்கத்தான் செய்தது. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில் அன்றாடத் தொற்றில் கோவை சென்னையையே முந்திய நாட்களில், மாமாவுக்கும் காய்ச்சல் வந்து நெஞ்சு ஸ்கேன் எடுத்திருந்தார்கள். அப்போது கொங்கு நாட்டில் நலம் விசாரித்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி, "ஸ்கோர் எத்தனைங்க?" என்பதுதான். நுரையீரல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை இருபத்தைந்துக்கு எத்தனை என்று சொல்லும் அந்த எண்ணுக்காகவே எண்ணற்ற நெஞ்சுகள் படமெடுக்கப்பட்டன. அந்தப் படங்களில் வேறு என்ன தெரிந்தது என்று நிதானமாகப் பார்க்க அன்று யாருக்கும் நேரம் இருந்திருக்காது. மாமாவின் பழைய ரிப்போர்ட்டிலும் ஸ்கோர் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது, நாடியூலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அப்படியானால் அது அப்போது இல்லையா, அல்லது இருந்தும் எழுதப்படவில்லையா? படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அந்தப் படத்தை எடுத்த சென்டர் கைமாறிவிட்டது. புது நிர்வாகத்தினர் மரியாதையாகப் பேசினார்கள், பழைய கணினியில் இருந்தவை தங்களிடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குறுஞ்செய்தியில் வந்திருந்த இணைப்பை அழுத்தினால் காலாவதியாகிவிட்டதாகச் சொன்னது. குறுந்தகடு ஒன்று கொடுத்ததாக அத்தைக்கு நினைவு. அது பேரப்பிள்ளைகளின் கையில் என்ன ஆனதோ. கடைசியில் அத்தையின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் பிலிம் கிடைத்தது. "வீசறதுக்கு மனசு வருல கண்ணு, அத்தனை பணங்குடுத்து எடுத்தது" என்றார் அத்தை. அந்தச் சிக்கனத்துக்கு நாங்கள் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் பிலிம் முழுப் படமாகாது. மார்பு சி.டி. என்பது சில நூறு குறுக்குவெட்டுகள் கொண்டது. பிலிமில் அச்சாவது அவற்றுள் சில டஜன் மட்டுமே. நுரையீரலைப் பார்க்க ஒரு வெளிச்ச அளவு, நடு நெஞ்சைப் பார்க்க இன்னொன்று என்று கணினியில் மாற்றிக்கொள்ளலாம்; பிலிமில் அச்சிட்டவர் வைத்த அளவுதான் கடைசி. பெரிதாக்கவும் முடியாது, நம்பகமாக அளக்கவும் முடியாது. இவ்வளவுக்கும் தொழில்நுட்பத்தில் குறையில்லை: எந்த நிறுவனத்தின் கருவியில் எடுத்த படமும் எந்தக் கணினியிலும் திறக்கும்படி டைகாம் என்ற பொது வடிவம் 1993 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில், மருத்துவப் பதிவுகளை ஒன்றாக இணைக்க ஆளுக்கொரு சுகாதார எண்ணும் உண்டு. நாங்கள் ஏறி இறங்கிய எந்த சென்டரிலும் அந்த எண்ணை யாரும் கேட்கவில்லை.

பிலிமை எடுத்துக்கொண்டு கோவை அவிநாசி சாலையில் ஒரு கதிரியல் மருத்துவரிடம் நேரில் போனோம். படத்தை வாசிப்பவரை நோயாளி நேருக்கு நேர் சந்திப்பது இந்தத் துறையில் அபூர்வம். நண்பர் ஒருவரின் சிபாரிசு இல்லாவிட்டால் எங்களுக்கும் அது வாய்த்திருக்காது. அவர் பழைய பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, புதிய படத்தைக் கணினியில் திறந்து, நெடுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இருக்குதுங்க ஐயா, அதே எடத்துல, ஏறக்குறைய அதே அளவுல இருக்குது" என்றார். ஏறக்குறைய என்பதை அழுத்திச் சொன்னார். பெட் ஸ்கேன் வேண்டாம், ஊசியும் வேண்டாம், பிலிமில் இதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்பதால் ஓராண்டு கழித்துக் குறைந்த கதிர்வீச்சில் ஒரு சி.டி. போதும் என்று எழுதிக் கொடுத்தார். வழக்கமான மார்பு சி.டி.யில் உடம்பில் ஏறும் கதிர்வீச்சு 6 அல்லது 7 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்றால், குறைந்த அளவு முறையில் அது ஒன்றரை அளவுக்கு இறங்கிவிடும். சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயில் 0.1தான். "இதுக்கு முன்னாலயே இப்படிச் சொல்லியிருந்தா ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்கியிருப்பேனுங்க" என்றார் மாமா.

அந்த மருத்துவர் எங்களுக்குக் கொடுத்த நேரம் மற்ற நோயாளிகளுக்கு ஏன் கிடைப்பதில்லை என்று அவரிடமே கேட்டேன். கருவிகள் பெருகிய வேகத்தில் வாசிக்கும் கண்கள் பெருகவில்லை என்பது அவர் பதில். இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல; பிரிட்டனில் கதிரியல் மருத்துவர் கல்லூரி எடுத்த 2023ஆம் ஆண்டுக் கணக்கு, தேவைக்கு 30 சதவீதம் பற்றாக்குறை என்கிறது. சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களைத் தொலைவிலிருந்து வாசிக்கலாம் என்பதால் சிறு நகரங்கள் அதில் ஓரளவு தப்பித்துக்கொள்கின்றன. ஒலியலையால் படமெடுக்கும் வயிற்று ஸ்கேனுக்கு (அல்ட்ராசவுண்ட்) அது எளிதாக நடக்காது. கருவியைக் கையில் பிடித்துப் பார்ப்பவரின் கண்தான் அங்கே பெரும்பாலும் ரிப்போர்ட். அதிலும் கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2012இல் வந்த விதித்திருத்தம், ஒரு மருத்துவர் ஒரு மாவட்டத்துக்குள் இரண்டு இடங்களுக்கு மேல் இந்த ஸ்கேனுக்குப் பதிவு செய்துகொள்ள முடியாது என்கிறது. கையடக்கக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோகவும் இடமில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவருக்கும் அப்படித்தான். இது அளவுக்கு மீறிய கெடுபிடி என்று மருத்துவர்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கப்பட்ட இடம் சேலம் என்பதை மறக்காத எவரும், இந்தக் கெடுபிடியைத் தளர்த்தச் சொல்வதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார்கள் என்பது என் எண்ணம். அந்தச் சட்டம் கேட்கும் படிவங்களை முழுமையாக நிரப்பாததும் குற்றமே என்று 2019இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது.

கண்களின் பற்றாக்குறையை மென்பொருள் தீர்க்கும் என்ற பேச்சு அங்கும் இங்கும் ஒன்றுபோல் இருக்கிறது. 2016இல் செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன், கதிரியல் மருத்துவர்களுக்கு இனிப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிடலாம் என்றார். 2024இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது, கதிரியல் மருத்துவர்களுக்கான தட்டுப்பாடு மட்டும் தீரவில்லை. பயனுள்ள இடமும் இல்லாமல் இல்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய்க்கான அறிகுறியைக் கணினியே பார்த்துச் சொல்லும் முறையை, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு முதல்கட்டச் சலித்தெடுப்பில் (ஸ்கிரீனிங்) பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே கருவியோடு கிராம முகாம்களுக்கு இது பொருந்தும். ஒரு காலத்தில் காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்த சானடோரியம் இருந்த இடத்தில்தான் இன்று பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி நிற்கிறது. அந்த வட்டாரத்தில் இப்படியொரு சலித்தெடுப்பின் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மாமாவின் பழைய பிலிம் பீரோவில் இருக்கும்வரை எந்த மென்பொருளும் அதைப் பார்த்திருக்க முடியாது.

அரசு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அத்தையின் முதுகுவலிக்கு அரசு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அங்கே நடத்தும் மையங்களில் சி.டி.க்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்ற அளவில்தான் கட்டணம். முதலமைச்சர் காப்பீட்டில் சேர்ந்தால் அதுவும் இல்லை. கூட்டம் அதிகம், உட்கார இடம் குறைவு, காத்திருப்பு நீளம். எம்.ஆர்.ஐ. கருவி ஒரு பெரிய காந்தம் என்பதால், உள்ளே நுழையும்முன் செய்த சோதனையில் மட்டும் அவர்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. புடவை ஊக்கு, மெட்டி, தாயத்து எல்லாம் வெளியே வந்தன. தாலிக்கொடியைக் கழற்ற அத்தை மறுத்தபோது அங்கிருந்த செவிலியர், "இது தெனமும் நடக்கறதுதானுங்கம்மா" என்று ஒரு மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் துண்டைக் கட்டிக் கொடுத்தார். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் கொடியில் கோத்திருக்கும் ஊக்கும் கொக்கியும் எந்த உலோகம் என்று யாருக்குத் தெரியும்? 2018இல் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஒருவர் உயிரிழந்தார். அந்தக் காந்தம் எப்போதும் விழித்தே இருக்கும்.

ஓர் இடத்தில் பில் போடும்போது எந்த டாக்டர் அனுப்பினார் என்று கேட்டார்கள். நாங்களாகவே வந்தோம் என்றதும் தொகை கணிசமாகக் குறைந்தது. நோயாளியை அனுப்பி வைப்பதற்குத் தரகு வாங்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளே சொல்கின்றன. குறைந்த தொகை யாருக்குப் போகவிருந்தது என்று நான் கேட்கவில்லை.

ஊருக்கு வரும் நம்மவர்கள் பெற்றோருக்கு ஸ்கேன் எடுக்கும்போது, பிலிமும் ரிப்போர்ட்டும் போதும் என்று கிளம்பிவிடாமல், முழுப் படத்தையும் டைகாம் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். எங்களுக்குப் பென் டிரைவில் தர மறுத்து, வைரஸ் வந்துவிடும் என்று காரணம் சொல்லி, குறுந்தகட்டில்தான் கொடுத்தார்கள். அதைப் போட்டுத் திறக்கும் மடிக்கணினியைத் தேடி ஒரு ஸ்டுடியோக்காரரிடம் போக வேண்டியிருந்தது. இணைப்பு அனுப்பினால் அன்றைக்கே பதிவிறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். அடுத்த ஸ்கேனை முடிந்தவரை அதே சென்டரில் எடுங்கள். அளவு எடுக்கும் முறை மாறாமல் இருந்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குப் பொருள் உண்டு. மாமாவின் இரண்டு ஸ்கேன்களும் இப்போது என் மைத்துனனிடமும் என்னிடமும் இருக்கின்றன, பழையது பிலிமைப் புகைப்படம் எடுத்த அளவிலாவது. அடுத்த சி.டி.க்கான சீட்டில், பழைய படத்தோடு ஒப்பிட்டு அளவைக் குறிப்பிட்டு எழுதவும் என்று கோவை மருத்துவர் தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.