உதகை மெயின் பஜாரில் ஒரு வர்க்கிக் கடை

உதகை மெயின் பஜாரில், மளிகை மண்டிகளுக்கு நடுவே, விறகு அடுப்பைக் கைவிடாத ஒரு சிறிய பேக்கரி இருக்கிறது. பெயர் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் குறிப்பிடவில்லை. ஏடு ஏடாக மொறுமொறுக்கும் தின்பண்டமான வர்க்கியை எங்கே வாங்கலாம் என்று கேட்பவர்களை நான் இங்கேதான் அனுப்புகிறேன்.

ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, அந்தப் பெயரை அச்சிட்ட பெட்டிகள் எங்கும் குவிந்துவிட்டன. அவற்றுள் பலவற்றில் வனஸ்பதியின் வாடைதான் முன்னால் நிற்கும். இந்தக் கடையில் மைதா, ரவை, சர்க்கரை, வாழைப்பழம் சேர்த்துப் புளிக்கவைத்த தாய்மாவைக் கொண்டுதான் இன்றும் பிசைகிறார்கள். பிசைந்த மாவை மேசை நீளத்துக்கு இழுத்து, கொழுப்பைத் தடவி, மடித்து, மறுபடி இழுத்து மடிக்கிறார்கள். விறகுச் சூட்டில் நின்று வெந்த அந்த வர்க்கியை உடைத்தால் தூளாக உதிராமல் ஏடு ஏடாகப் பிரிகிறது, டீயில் நனைத்தாலும் கரைந்து அடியில் தங்காமல் வாய்வரை வந்து சேர்கிறது. மசாலா வர்க்கியில் உப்பு சற்றுத் தூக்கல். சில நாள்களில் அடிப்பக்கம் கருகியும் இருக்கும். சொன்னால் மறுபேச்சின்றி மாற்றித் தருகிறார்கள்.

என்னை மீண்டும் மீண்டும் அங்கே இழுப்பது, கடை முன் நிற்கும் கூட்டமும்தான். சேரிங்கிராஸும் கமர்சியல் சாலையும் சாக்லேட்டுக்கும் தைலத்துக்கும் கம்பளி ஆடைக்கும் என்று சுற்றுலாப் பயணிகளை நம்பியே நடக்க, இங்கே நிற்பவர்களோ வேலை முடிந்து காந்தலுக்கும் நஞ்சநாட்டுக்கும் பஸ் பிடிக்கப் போகிறவர்கள். அந்தக் கூட்டம் மெலிந்து வருவதுதான் கவலை தருகிறது. மலை நகரங்களுக்கான 1993-ஆம் ஆண்டு கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டருக்குள் நிறுத்தியதால், நகரம் மேலே எழாமல் பக்கவாட்டில்தான் பரவ முடியும். கூடுதல் ஆட்சியர் அலுவலகம் டவுனைத் தாண்டி பிங்கர்போஸ்ட்டில் இருக்கிறது; நீதிமன்றமும் அந்தப் பக்கமே போய்விட்டது; மூடப்பட்ட எச்.பி.எஃப். (இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்) ஆலை இருந்த இந்துநகர்ப் பகுதியில் 2025 ஏப்ரலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் திறக்கப்பட்டது. இவை வேண்டிய வசதிகள்தாம், குறிப்பாக அந்த மருத்துவமனை. ஆனால் மனு கொடுக்கவும் வாய்தாவுக்கும் வைத்தியத்துக்கும் டவுனுக்கு வந்து, வந்த கையோடு பஜாரில் சாமான் வாங்கித் திரும்பிய, அந்தப் பக்கத்துத் தலைகுந்தாக்காரருக்கு இன்று டவுனுக்கு வர என்ன காரணம் மிச்சம் இருக்கிறது?

நெரிசலைக் குறைக்க 2024 மே மாதம் வெளியூர் வண்டிகளுக்கு வந்த இ-பாஸும், அடுத்த ஆண்டு கோடை சீசனுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று விதித்த வாகன வரம்பும் நல்ல ஏற்பாடுகள். உள்ளூர் டிஎன்-43 வண்டிகளுக்கு அதில் விலக்கும் உண்டு. எனினும் வெளியூர் வண்டி குறைவதாலேயே உள்ளூர்க்காரர் பஜாருக்குத் திரும்பிவிட மாட்டார். நகராட்சி மார்க்கெட்டை வாகன நிறுத்தத்தோடு புதிதாகக் கட்டும் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: பழைய வியாபாரி கட்டக்கூடிய வாடகை, இரவு எட்டு மணிக்குப் பிறகும் புறநகருக்கு மினி பஸ், பெண்கள் தயங்காமல் நுழையக்கூடிய கழிப்பிடம் என்ற மூன்றும் அமையாவிட்டால், புதுக் கட்டடமும் கமர்சியல் சாலையின் நீட்சியாகத்தான் முடியும். வாடகை கூடிப்போய் இந்த பேக்கரியும் சாக்லேட் விற்கத் தொடங்கினால், காந்தல்காரர் இந்தத் தெருவுக்குள் நுழைய இருக்கும் ஒரு காரணமும் போய்விடும்.

போகிறவர்கள் வண்டியை பஸ் நிலையத்துப் பக்கமே விட்டுவிட்டு நடந்து போவது நல்லது. பஜாருக்குள் நிறுத்த இடமில்லை. மாலை நான்கு மணிக்கு அடுப்பிலிருந்து வரும் தட்டுதான் சிறந்தது. ஆறு மணிக்கெல்லாம் சின்ன வர்க்கி தீர்ந்துவிடுகிறது. மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை இருப்பதால் காகிதத்தில்தான் கட்டித் தருவார்கள், எண்ணெய் ஊறும். துணிப்பை கொண்டுபோங்கள், வீட்டுக்கு வந்ததும் தகர டப்பாவில் போட்டு இறுக மூடிவையுங்கள்.