மௌஸ் முழுத் தொகுப்பு: முகத்தில் தெரியாத வயது

எலி முகம் போட்ட அட்டையைப் பார்த்துவிட்டு, பிறந்தநாள் பரிசு என்று எந்தச் சின்னப் பிள்ளைக்கும் இதை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' காமிக்ஸ்தான், விலங்குகள்தான், ஆனால் போலந்தில் நாஜிகளிடம் மாட்டி ஆஷ்விட்ஸ் முகாம் வரை போய் உயிரோடு திரும்பிய, ஆர்ட்டின் சொந்த அப்பாவின் கதை. யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள், போலந்துக்காரர்கள் பன்றிகள். 1980-இல் 'ரா' இதழில் தொடராக ஆரம்பித்து, முதல் பாகம் 1986-லும் இரண்டாம் பாகம் 1991-லும் புத்தகமாக வந்தன. 1992-இல் புலிட்சர் சிறப்பு விருதும் கிடைத்தது. நான் வைத்திருப்பது இரண்டு பாகமும் சேர்ந்த ஒரே தொகுப்பு, கிட்டத்தட்ட 300 பக்கம். மூன்றாவது முறையாகப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

போர், முகாம், பசி என்று இந்தப் புத்தகத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு இந்த முறை கண்ணில் பட்டது வேறு. இதில் வளர்வது, பெரியவனாவது எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பதுதான். இந்த எலிகளின் முகத்தில் வயதே கிடையாது. இரண்டு புள்ளிக் கண், ஒரு கூர்மூக்கு, மேலே காது, அவ்வளவுதான். சுருக்கம் இல்லை, நரை இல்லை. அப்பா விளாடெக் வாலிபனா கிழவரா என்று மூக்குக் கண்ணாடியையும் உடையையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படியானால் ஒரு குழந்தையை எப்படிக் காட்டுவது? உயரத்தால் மட்டும்தான். பக்கத்தில் நிற்பவர், உட்காரும் நாற்காலி, இவற்றோடு ஒப்பிட்டுத்தான் அது குழந்தை என்றே தெரிகிறது.

புத்தகம் திறப்பதே அப்படித்தான். 1958, நியூயார்க்கில் ரீகோ பார்க், ஆர்ட்டுக்குப் பத்து வயது இருக்கும். ஸ்கேட் அறுந்து விழுகிறான், கூட வந்த பையன்கள் விட்டுவிட்டு ஓடுகிறார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் மரம் அறுத்துக்கொண்டிருக்கும் அப்பா அவனைத் தேற்றவில்லை. ஒரு அறையில் ஒரு வாரம் சோறில்லாமல் எல்லோரையும் பூட்டி வைத்தால் அப்போது தெரியும் நண்பன் என்றால் யார் என்று, என்கிறார். இரண்டே பக்கம். அந்தச் சின்ன எலியும் பெரிய எலியும் அருகருகே நிற்கும் அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாம் பாகத்தின் இரண்டாவது அத்தியாயத்துக்கு வாருங்கள். முதல் பாகம் வெற்றி பெற்றுவிட்டது, அப்பா இறந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆர்ட் வரைபலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் இப்போது எலியாக இல்லை. எலி முகமூடியைத் தலையில் கட்டிய மனிதராக. சுற்றி ஈ மொய்க்கிறது. படம் கொஞ்சம் விலகியதும் மேசைக்கடியில் எலிப் பிணங்கள் குவிந்து கிடப்பது தெரிகிறது. அந்தப் பிணங்கள் மேல் ஏறி நின்றுகொண்டு நிருபர்கள் கேள்வி கேட்கிறார்கள், ஒரு வியாபாரி இந்தக் கதையை வைத்துச் சட்டை விற்கலாம் என்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஆர்ட் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே போகிறார். முகமூடி மாறவில்லை, உட்கார்ந்திருக்கும் விதமும் பெரிதாக மாறவில்லை, நாற்காலி மட்டும் பெரிதாகிக்கொண்டே போவதுபோல் இருக்கிறது. கடைசியில் அம்மா வேண்டும் என்று வாய்விட்டு அழும் ஒரு சின்னப் பையன்தான் மிச்சம். அப்புறம் அதே அளவிலேயே தெருவில் இறங்கி மனநல மருத்துவர் பாவெலைப் பார்க்கப் போகிறார். பாவெலும் ஆஷ்விட்ஸிலிருந்து மீண்டவர். ஆஷ்விட்ஸ் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு அவர் திடீரென்று பயமுறுத்துவதுபோல் "பூ!" என்று கத்த, சின்ன ஆர்ட் நாற்காலியிலிருந்து துள்ளுகிறார். அந்தக் கட்டத்தைப் பார்த்தபோது எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. பேசி முடித்து வீடு திரும்பும் வழியில் மனசு லேசாக, நடக்க நடக்க உயரம் திரும்ப வருகிறது. சரி, தேறிவிட்டார் என்று நாம் நினைக்கும்போது, மேசைக்கு வந்து, அப்பாவிடம் கதை கேட்டுப் பதிந்த பழைய ஒலிநாடாவைப் போடுகிறார். அதில் அப்பாவிடம் தான் கத்தும் குரலையே கேட்கிறார். மறுபடியும் சின்னப் பையன்.

ஒருமுறை வளர்ந்தவன் வளர்ந்தவனாகவே இருந்துவிட வேண்டும் என்று இங்கே எந்தக் கட்டாயமும் இல்லை. இதை வார்த்தையில் எழுதியிருந்தால் ஒரு புலம்பலாகப் போயிருக்கும். முகத்தில் வயது இல்லாத ஒரு எலியை முன்னாலேயே பழக்கிவிட்டதால்தான், வெறும் உயரத்தை வைத்து இதைச் சொல்ல முடிந்திருக்கிறது. என் அப்பா இறந்து பல வருடம் ஆகிறது, அவர் குரல் பதிந்த ஒரு கேசட் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

முதல் பாகத்துக்குள் அம்மா அன்யாவின் தற்கொலையைப் பற்றி நான்கு பக்கம் வருகிறது. அம்மா இறந்தது 1968-இல். இந்தப் பக்கங்களில் எல்லோரும் மனிதர்கள், முகமெல்லாம் கோடு கோடாக, ஆர்ட் மட்டும் கைதிகளின் வரிச்சட்டையில். ஆரம்பத்தில் ஒரு நிஜப் புகைப்படம் இருக்கிறது, அம்மாவும் நீச்சல் உடையில் பையனும். அதன் ஆண்டும் 1958! ஸ்கேட் அறுந்து அழுதானே, அதே ஆண்டு, அதே பையன். இந்த ஒற்றுமை இரண்டு வாசிப்பு வரைக்கும் எனக்குத் தெரியவே இல்லை.

வளராமலே போன பிள்ளையும் உண்டு. அண்ணன் ரிஷூ, போரில் இறந்த குழந்தை. அவனுடைய புகைப்படம் இரண்டாம் பாகத்தின் முகப்பிலேயே இருக்கிறது, எலியாக இல்லாமல் குழந்தையாகவே. அடம்பிடிக்காத, தப்பே செய்யாத அந்தப் படத்தோடு தான் போட்டி போட்டு வளர்ந்ததாக ஆர்ட் சொல்கிறார். கடைசிப் பக்கத்தில் அவன் பெயர் வருகிறது, எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை.

இனி புத்தகம் எப்படி என்று கேட்பவர்களுக்கு. கறுப்பு வெள்ளைதான். எழுத்தெல்லாம் கையால் எழுதியது, பொடி எழுத்து, கட்டங்கள் நெருக்கம். இரவு விளக்கில் படித்தால் கண் வலிக்கும். அச்சில் சுருக்கியதால் வந்த குறை இல்லை இது, அச்சாகும் அதே அளவிலேயே ஃபவுண்டன் பேனாவால் வரைந்திருக்கிறார். ஆங்கிலம் கடினமில்லை. விளாடெக் பேசுவது உடைந்த ஆங்கிலம், இரண்டு பக்கத்தில் பழகிவிடும்.

வயது? 2022-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு கவுண்டி பள்ளி வாரியம், கெட்ட வார்த்தையும் நிர்வாணப் படமும் இருக்கிறது என்று இதை எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. எனக்கு அது தவறான முடிவு. என் வீட்டில் 14 வயதில் கொடுப்பேன், கூடவே உட்கார்ந்து படிப்பேன், குறிப்பாக அம்மாவைப் பற்றிய அந்த நான்கு பக்கத்தை.

காசு குறைவு என்று முதல் பாகத்தை மட்டும் வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்து முழுத் தொகுப்பாகவே வாங்குங்கள். அந்த நாற்காலி வரும் பக்கங்கள் இரண்டாம் பாகத்தில்தான் இருக்கின்றன.